ஜான்ஸ் ஹாப்கின்ஸ்: மண்டிக்காரரும் அவர் குடும்பமும்

கொரோனா நாட்களில் டிவியில் தினமும் 'ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி' என்று சொல்லி, உலகம் முழுக்க எத்தனை பேருக்குத் தொற்று என்று வாசிப்பார்கள், நினைவிருக்கும். அந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யார், மருத்துவரா விஞ்ஞானியா, ஜான் என்று இல்லாமல் அதென்ன ஜான்ஸ், அவருக்குப் பிள்ளைகள் உண்டா, சொத்தெல்லாம் யாருக்குப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மனிதரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் மருத்துவரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. கல்லூரி வாசலையே மிதிக்காதவர். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துத் துறைமுக நகரமான பால்டிமோரில் மளிகை மண்டி வைத்திருந்தார், அப்புறம் வட்டிக்குப் பணம் கொடுத்தார், அதற்கும் அப்புறம் ரயில்வே பங்குகளை வாங்கிக் குவித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை. ஆனால் இவர் கதையை எங்கே தொட்டாலும் ஒரு உறவுக்காரர் வந்து நிற்பார். அதனால் குடும்பத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் பெயர். அவருடைய கொள்ளுப்பாட்டி மார்கரெட் ஜான்ஸ். ஜான்ஸ் என்பது அந்த அம்மாள் பிறந்த வீட்டின் குடும்பப் பெயர். ஹாப்கின்ஸ் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், தன் மகன் ஒருவருக்கு அந்தப் பெயரையே முதற்பெயராக வைத்துவிட்டார். அந்த மகன்தான் நம்மவரின் தாத்தா, அவர் பெயரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். தாத்தா பெயர் பேரனுக்கு வந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும், ஆகவே இதை நமக்கு விளக்கவே வேண்டாம். அமெரிக்கர்களுக்குத்தான் இன்றுவரை குழப்பம், பலர் 'ஜான் ஹாப்கின்ஸ்' என்றே எழுதிவிடுகிறார்கள்.

பிறந்தது 1795 மே 19. மேரிலாந்தின் ஆன் அருண்டல் வட்டாரத்தில் ஒயிட்ஸ் ஹால் என்ற புகையிலைத் தோட்டம். அப்பா சாமுவேல் ஹாப்கின்ஸ், அம்மா ஹன்னா ஜென்னி. அம்மா பக்கத்து மாநிலமான வர்ஜீனியாக்காரர். பதினொரு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். குடும்பம் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளாமல் மீதிக் கதை புரியாது. பாதிரியார் கிடையாது, சடங்கு கிடையாது, ஆடம்பரம் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அடிமைகளை வைத்திருக்கவே கூடாது என்றும் முடிவு செய்துவிட்டார்கள். மேரிலாந்தின் புகையிலைத் தோட்டங்களோ அடிமைகளின் உழைப்பில் ஓடியவை. ஹாப்கின்ஸ் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்த குடும்பம்தான். தாத்தா 1778ல் சிலரை விடுதலை செய்தார். மீதிப் பேரை இவரது அப்பா 1807ல் விடுவித்துவிட்டதாகவும், அதனால் வயலில் ஆள் இல்லாமல் பன்னிரண்டு வயதுப் பையன் ஜான்ஸ் படிப்பை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகளோடு மண்ணைக் கொத்தப் போனதாகவும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. இந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

1812ல், பதினேழு வயதில், பால்டிமோருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அப்பாவின் தம்பி ஜெரார்டு ஹாப்கின்ஸ் மளிகை மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சித்தப்பா வீட்டிலேயே தங்கி, சித்தப்பாவின் மண்டியிலேயே தொழில் கற்றுக்கொண்டார். அது பிரிட்டனோடு போர் நடந்த காலம். 1814ல் பிரிட்டிஷ் கப்பற்படை பால்டிமோர் கோட்டையைக் குண்டு போட்டுத் தாக்கியது. அதே வருடம் சித்தப்பா மத வேலையாக வெளியூர் போயிருந்தபோது, பத்தொன்பது வயதுப் பையன் கடையைத் தனியாக நடத்தி லாபமும் காட்டினான் என்று சொல்வார்கள்.

அந்த வீட்டில்தான் எலிசபெத் இருந்தாள். சித்தப்பாவின் மகள். இரண்டு பேருக்கும் காதல்.

நமக்கு இந்த இடத்தில் தூக்கிவாரிப் போடும். சித்தப்பா மகள் என்றால் தங்கை முறை, அத்தை மகள், மாமா மகளோடு சேர்த்து நாம் அவளை நினைத்தே பார்க்கமாட்டோம். ஆங்கிலத்தில் இந்த எல்லா முறைக்கும் ஒரே சொல்தான், கசின். அந்தக் காலத்து அமெரிக்காவில் கசின்கள் கல்யாணம் செய்துகொள்வது சட்டப்படியும் சரி, ஊர் வழக்கப்படியும் சரி, சாதாரணம். க்வேக்கர்கள் மட்டும் அதைக் கண்டிப்பாகத் தடுத்தார்கள். சித்தப்பாவோ அந்தச் சபையில் பெரிய மனிதர், ஒப்புக்கொள்ளவே இல்லை. ஜான்ஸும் எலிசபெத்தும் கடைசிவரை வேறு யாரையும் மணக்கவில்லை. நல்ல உறவோடு, ஒரே ஊரில், முதுமைவரை இருந்தார்கள். பிற்பாடு அவர் உயிலில் எலிசபெத்துக்கு ஒரு வீடு எழுதி வைத்தார்.

காதல் தோல்வியால்தான் அவர் எல்லாவற்றையும் தானம் செய்தார் என்று பலர் எழுதுவார்கள். நான் அதை நம்பவில்லை. காதலித்தது இருபது வயதை ஒட்டி, உயில் எழுதியது எழுபதுக்கு மேல். நடுவில் இருந்த ஐம்பது வருடமும் காசு சேர்ப்பதில்தான் போயிற்று, அதில் அவர் அலுத்துப்போனதாக எந்தத் தடயமும் இல்லை. கல்யாணம் ஆகியிருந்தால் சொத்து பிள்ளைகளுக்குப் போயிருக்கும், அந்த அளவுக்குத்தான் அந்தக் காதலுக்கு இதில் பங்கு.

சித்தப்பாவோடு பிரிவு வந்தது காதலால் அல்ல, சாராயத்தால். 1819ல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி. மலைப்பக்கத்து விவசாயிகளிடம் ரொக்கம் இல்லை, மக்காச்சோளத்தில் வடித்த விஸ்கி இருந்தது. சாமானுக்கு விலையாக விஸ்கி வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஜான்ஸ். அது பாவம், என் கடையில் நடக்காது என்றார் சித்தப்பா. இருபத்துநான்கு வயதில் தனியாக வந்துவிட்டார். ஆனாலும் தொழில் தொடங்க அதே சித்தப்பா பணம் கொடுத்தார், அம்மாவும் அம்மா வழி மாமாவும்கூடக் கொடுத்தார்கள் என்பது குடும்பத்தில் சொல்லும் கதை. கொஞ்ச காலத்தில் தம்பிகள் மூவரையும் சேர்த்துக்கொண்டு 'ஹாப்கின்ஸ் அண்ட் பிரதர்ஸ்' என்று பலகை மாட்டிவிட்டார்.

அந்தக் கம்பெனி செய்தது இதுதான். கோனெஸ்டோகா என்று ஒரு வகைக் கூண்டு வண்டி, படகு மாதிரி வளைந்த அடிப்பாகம், மேலே வெள்ளைத் துணிக்கூரை, இழுக்க நாலு அல்லது ஆறு குதிரை. அதில் பால்டிமோரிலிருந்து காப்பி, சர்க்கரை, துணி, இரும்புச் சாமான் எல்லாம் ஏற்றி, மலை தாண்டி வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்கு அனுப்புவார்கள். திரும்பும்போது அங்கே விளைந்ததும் விஸ்கியும் வரும். அந்த விஸ்கியை 'ஹாப்கின்ஸ் பெஸ்ட்' என்று பெயர் போட்டு விற்றார்கள். இதற்காக க்வேக்கர் சபை அவரைக் கொஞ்ச காலம் விலக்கி வைத்தது. அவர் விற்பதை நிறுத்தவில்லை. பிற்பாடு சபை திரும்பச் சேர்த்துக்கொண்டது. கடைசிக் காலத்தில், விஸ்கி விற்றது தப்புதான் என்று வருந்தினாராம்.

சம்பாதித்த பணத்தைச் சும்மா வைத்திருக்கவில்லை. வியாபாரிகளின் புரோநோட்டுகளை வட்டம் பிடித்துக்கொண்டு வாங்குவார், கிடங்குகள் கட்டி வாடகைக்கு விடுவார், கப்பல் கம்பெனிகளில் பங்கு போடுவார். ஒரு வங்கிக்குத் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவரைக் கோடீஸ்வரர் ஆக்கியது ரயில்தான். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மண்டிக்காரர் என்பதால்தான் ரயிலின் அருமை அவருக்குத் தெரிந்தது என்பது என் எண்ணம்.

1825ல் ஈரி கால்வாய் திறந்ததும் உள்நாட்டுச் சரக்கெல்லாம் நியூயார்க்குக்குப் போக ஆரம்பித்தது. பால்டிமோர் வியாபாரிகள் பயந்துபோய், மலையைத் தாண்டி ஒஹாயோ நதிவரை இரும்புப் பாதை போடுவது என்று முடிவெடுத்து, 1828ல் அடிக்கல் நாட்டினார்கள். அதுதான் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே, சுருக்கமாக பி அண்ட் ஓ. பாதை நதியைத் தொட இருபத்துநான்கு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் பணம் இல்லாமல் பலமுறை திணறியது, பங்கு விலை விழுந்தது, பலர் விற்றுவிட்டு ஓடினார்கள். ஹாப்கின்ஸ் வாங்கிக்கொண்டே இருந்தார். அதே மலைக்குக் குதிரை வண்டி அனுப்பியவருக்கு, போய்வர எத்தனை நாள், மழையில் எத்தனை வண்டி சேற்றில் மாட்டும், ஒரு மூட்டைக்கு என்ன செலவு என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்திருக்கும், அந்தக் கணக்கு தெரிந்தவருக்கு ரயில் வெறும் கனவாகத் தெரிந்திருக்காது. 1847 வாக்கில் மண்டியிலிருந்து ஒதுங்கி ரயில்வேயின் இயக்குநர் ஆனார். 1855ல் அதன் நிதிக்குழுத் தலைவர். மாநில அரசையும் நகராட்சியையும் விட்டுவிட்டால் தனி ஆளாக அதிகப் பங்கு வைத்திருந்தவர் அவர்தான். 1857 நெருக்கடியிலும் 1873 நெருக்கடியிலும் தன் சொந்தப் பணத்தையும் கையெழுத்தையும் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்றினார்.

1858ல் ஜான் வொர்க் கேரட் என்ற இளைஞர் ரயில்வேக்குத் தலைவராக வந்ததற்கும் ஹாப்கின்ஸின் ஆதரவுதான் காரணம். இந்தக் கேரட் பெயரை நினைவில் வையுங்கள், அவர் மகள் பிற்பாடு வருகிறார். அடிமைமுறையை விட மறுத்த தென் மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் வந்தபோது பால்டிமோர் இரண்டாகப் பிளந்தது, ஊரின் பெரிய மனிதர்களில் நிறையப் பேர் தெற்குப் பக்கம். ஹாப்கின்ஸும் கேரட்டும் வடக்கின் ஜனாதிபதி லிங்கன் பக்கம் நின்றார்கள், ரயில் பாதை வடக்குப் படைக்குப் பெரிய உதவியாக இருந்தது. மேரிலாந்திலிருந்து ராணுவத்தை எடுக்க வேண்டாம் என்று 1862ல் ஹாப்கின்ஸ் லிங்கனுக்கே கடிதம் எழுதினார்.

ஆள் எப்படி? சிக்கனக்காரர். குளிரிலும் ஓவர்கோட் போடாமல் நடந்தே போவார் என்று சொல்வார்கள். ஆனால் ஊருக்கு வெளியே கிளிஃப்டன் என்று ஒரு பண்ணை வாங்கி, அங்கிருந்த வீட்டை இத்தாலி பாணியில் கோபுரம் வைத்து மாற்றிக் கட்டி, கோடைக்காலத்தில் அங்கே இருந்தார். பழமும் காய்கறியும் பூவும் வளர்ப்பதில் அவ்வளவு ஆசை. திருமணமாகாத சகோதரி ஒருவர் அவர் வீட்டைக் கவனித்துக்கொண்டார். அப்பா 1814லேயே இறந்துவிட்டதால் உடன்பிறந்தவர்கள் பலரும், அவர்கள் பிள்ளைகளும் ஏதோ ஒரு விதத்தில் அவரைச் சார்ந்தே இருந்தார்கள்.

வயது எழுபதைத் தாண்டியதும் இவ்வளவு பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இங்கே இன்னொரு வியாபாரி வருகிறார், ஜார்ஜ் பீபாடி. அவரும் 1795ல் பிறந்தவர், அவரும் பால்டிமோரில் வியாபாரம் செய்தவர், அவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிறகு லண்டனுக்குப் போய்ப் பெரிய வங்கியாளர் ஆகி, ஏழைகளுக்கு வீடு கட்டவும் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். கேரட் தன் வீட்டில் இருவரையும் விருந்துக்கு அழைத்ததாகவும், சம்பாதிப்பதைவிட உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதில் கிடைத்த சந்தோஷத்தைப் பீபாடி எடுத்துச் சொன்னதாகவும் கேரட்டே பின்னாளில் ஒரு மேடையில் சொல்லியிருக்கிறார். எப்படியோ, 1867ல் பல்கலைக்கழகம் ஒன்று, மருத்துவமனை ஒன்று என இரண்டு அறக்கட்டளைகளைப் பதிவு செய்தார். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு அறங்காவலர்கள், பெரும்பாலும் இரண்டிலும் அதே ஆட்கள், உறவினர்கள், க்வேக்கர் நண்பர்கள், கேரட்.

உயிலில் இந்த இரண்டுக்கும் மொத்தம் 70 லட்சம் டாலர், பாதிப் பாதியாக 35 லட்சம். அமெரிக்காவில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய தொகையைத் தானமாக எழுதி வைத்ததில்லை. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும், வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்களுக்கும் தனித்தனியாக ஒதுக்கினார்.

என்னை அதிகம் தொட்டது உயில்கூட இல்லை, 1873 மார்ச்சில் மருத்துவமனை அறங்காவலர்களுக்கு அவர் எழுதிய கடிதம்தான். ஊரில் இருக்கும் ஏழை நோயாளிகளை ஆண் பெண், வயது, நிறம் எதையும் பார்க்காமல் காசு வாங்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், நர்ஸ்களுக்குப் பயிற்சிப் பள்ளி வைக்க வேண்டும், கறுப்பினத்து ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தனியாக ஒரு இல்லம் நடத்த வேண்டும், மருத்துவமனை வருங்கால மருத்துவக் கல்லூரியோடு இணைந்தே இயங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அடிமைமுறை ஒழிந்து பத்து வருடம்கூட ஆகாத மேரிலாந்தில் இதை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியோ அவர் அதிகம் எழுதவில்லை. அந்த மௌனம் ஒரு பெரிய உபகாரமாக அமைந்தது, கை கட்டப்படாத அறங்காவலர்கள் டேனியல் கில்மனைத் தலைவராகக் கூட்டிவந்து, 1876ல் ஜெர்மன் பாணியில் ஆராய்ச்சியை மையமாக வைத்த பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் பார்க்க அவர் இல்லை. 1873 டிசம்பர் 24ல், 78 வயதில் காலமானார். பால்டிமோரின் கிரீன் மவுண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்ததில் பெரும்பகுதி அவர் உயிருக்கு உயிராக நம்பிய பி அண்ட் ஓ பங்குகள், அவற்றை விற்க வேண்டாம் என்ற அறிவுரையோடு. மூலதனத்தைத் தொடாமல் அதன் வருமானத்தில்தான் கட்டடம் கட்ட வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. 1880களின் கடைசியில் ரயில்வே ஈவுத்தொகை கொடுப்பதை நிறுத்திவிட்டது, பல்கலைக்கழகம் ஆட்டம் கண்டது. மருத்துவமனையின் பணம் பெரும்பாலும் வேறு சொத்துகளில் இருந்ததால் அது தப்பி 1889ல் திறந்தது, ஆனால் மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் இல்லை. அப்போதுதான் கேரட்டின் மகள் மேரி எலிசபெத் கேரட் வந்தார். அறங்காவலர்களின் மகள்களான தோழிகளோடு சேர்ந்து நிதி திரட்டி, குறைந்ததில் பெரும்பகுதியைத் தன் கையிலிருந்து போட்டு 5 லட்சம் டாலரை நிறைவு செய்தார். ஆனால் நிபந்தனை வைத்தார். ஆண்களைச் சேர்க்கும் அதே விதிப்படி பெண்களையும் சேர்க்க வேண்டும், பட்டம் பெற்று வந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும். அப்பாக்கள் முனகினார்கள், வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். 1893ல் முதல் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தார்கள். இன்று அந்தக் கல்லூரிக்கு இருக்கும் பெயரில் ஹாப்கின்ஸுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த அம்மாளுக்கும் உண்டு என்று நான் சொல்வேன்.

சரி, தள்ளி வைக்கச் சொன்ன கதைக்கு வருகிறேன். 1807ல் அப்பா அடிமைகளை விடுவித்தார், ஜான்ஸ் வாழ்நாள் முழுக்க அடிமைமுறையை எதிர்த்தார் என்பது ஏறக்குறைய நூறு வருடமாக எல்லா இடத்திலும் எழுதப்பட்டு வந்தது. பெரும்பாலும் இதற்கு மூலம், அவருடன் பிறந்த ஒருவரின் பேத்தி 1929ல் எழுதிய சின்ன வாழ்க்கை வரலாறு. வீட்டில் கேட்ட கதைகளைப் பாசத்தோடு எழுதிய புத்தகம் அது. 2020 டிசம்பரில் பல்கலைக்கழகமே ஒரு அறிவிப்பு வெளியிட்டது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாப்கின்ஸ் பெயரின்கீழ் 1840ல் ஒருவரும் 1850ல் நான்கு பேரும் அடிமைகளாகப் பதிவாகியிருக்கிறார்கள், 1860ல் யாரும் இல்லை, 1807 விடுதலைக்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. வேறு சில ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவர் பெயரின்கீழ் ஒருவர் எழுதப்பட்டிருந்தால் அவரே உரிமையாளர் என்று ஆகிவிடாது, வேறொருவரின் அடிமை அங்கே வேலைக்கு இருந்திருக்கலாம், விடுதலைக்காகவே வாங்கப்பட்டவராகவும் இருந்திருக்கலாம் என்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், குடும்பக் கதையைவிட அரசாங்கத் தாளைத்தான் நான் முதலில் நம்புவேன், அதை மறுக்க இன்னொரு தாள் வர வேண்டும். 1873 கடிதத்தின் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே மனிதரின் வாழ்க்கை, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. 1850 கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது. அதில் உரிமையாளர் என்ற இடத்தில் ஹாப்கின்ஸ் பெயர் இருக்கிறது. அந்த நான்கு பேருக்கும் வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ற கட்டங்கள் இருக்கின்றன. பெயர் எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.